ரோஜா மொட்டில் பச்சையாக அப்பியிருக்கும் பூச்சி எது, எப்படி விரட்டுவது?

அது அசுவினி. மிகச் சிறிய, மெத்தென்ற பூச்சி. கொழுந்திலும் மொட்டுக் காம்பிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றைக் குடிக்கும்.

செடிக்குள் சாறு அழுத்தத்தோடு ஓடுகிறது. நம் கொங்குத் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாயில் ஒரு ஓட்டை விழுந்தால் தண்ணீர் தானாகப் பீய்ச்சுமே, அப்படித்தான் அசுவினி ஊசிவாயைக் குத்தியதும் சாறு அதற்குள் பாய்கிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை அதிகம், சத்து குறைவு. அதனால் நிறையக் குடித்து, மிச்ச இனிப்பை வெளியேற்றுகிறது. இலை பிசுபிசுப்பதும் அதன்மேல் கரும்பூஞ்சை படர்வதும் அதனால்தான்.

பூச்சி மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் கொழுந்தைக் கையில் தாங்கி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பாதி அதிலேயே போய்விடும். அப்புறம் 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று தடவை. யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இளங்கொழுந்து பெருகினால் அசுவினியும் பெருகும்.

மொட்டு விரியாமல் ஓரம் கருகினால் அது பெரும்பாலும் இலைப்பேன் என்ற வேறொரு பூச்சியின் வேலை. அந்த மொட்டுகளைக் கிள்ளி அப்புறப்படுத்துவது நல்லது.

செடியில் ஏறும் எறும்புதான் ரோஜாவைத் தின்கிறது என்று பலர் எறும்புப்பொடி தூவுகிறார்கள். எறும்பு வருவது அந்த இனிப்புக்காக, அதற்காக அசுவினிக்குக் காவலும் நிற்கிறது, ஆனால் செடியை அது தின்பதில்லை.