புது கேமரா, திறக்காத படங்கள்: இப்போதைக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: பத்து வருஷமாக கேனான் 700டி வைத்துக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எடுத்து வருகிறேன். சின்ன ஸ்டுடியோ. போன மாதம் கடன் வாங்கி கேனான் ஆர்6 மார்க் 2 பாடியும், பழைய லென்ஸ்களை மாட்ட ஒரு அடாப்டரும் வாங்கினேன். ரா படங்கள் (கேமரா பதிவு செய்யும் மூலப் படங்கள்) என் லைட்ரூம் 6 என்ற அடோபி எடிட்டிங் சாஃப்ட்வேரில் திறக்கவே இல்லை. வீடியோ எடிட்டிங்கில் விக்கி விக்கி ஓடுகிறது. ஆல்பம் டிசைனர், "பழைய கேமராவை விட இதில் படம் சின்னதா வருதே" என்கிறார். கடைக்காரர் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் 4,500 ரூபாய்க்கு எல்லா சாஃப்ட்வேரும் ஏற்றித் தருகிறேன் என்கிறார். வரும் ஞாயிறு ஒரு முகூர்த்தம் இருக்கிறது. கேமராவில் கோளாறா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கோளாறு இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஒரே சமயத்தில் வந்ததால் பழி மொத்தமும் கேமரா மேல் விழுந்துவிட்டது. முதல் வேலையாக அந்த 4,500 ரூபாய்க்காரருக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

படம் சின்னதாக வருவதை முதலில் எடுத்துக்கொள்வோம். கடன் வாங்கி வாங்கிய கேமரா பழசை விடக் குறைவாகத் தருகிறது என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். 700டி-யின் சென்சார், அதாவது உள்ளே ஒளியைப் படமாக்கும் சில்லு, சிறியது. அதோடு வந்த 18-55, 55-250 லென்ஸ்கள் அந்தச் சின்ன சென்சாருக்கென்றே செய்தவை. லென்ஸ் மேல் ஈ.எஃப்-எஸ் என்று அச்சடித்திருக்கும், பாருங்கள். ஆர்6 மார்க் 2-இன் சென்சார் பழைய ஃபிலிம் அளவு. ஈ.எஃப்-எஸ் லென்ஸ் விழ வைக்கும் ஒளிவட்டம் அதை முழுக்க நிரப்பாது. அதனால் அந்த லென்ஸை மாட்டிய உடனே, உங்களை ஒரு வார்த்தை கேட்காமல், கேமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். ஒரு படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து அளவைப் பாருங்கள். 3744 x 2496 என்று இருக்கும், அதாவது ஒன்பது மெகாபிக்சல் சொச்சம். உங்கள் 700டி தந்தது 5184 x 3456, கிட்டத்தட்ட 18 மெகாபிக்சல். டிசைனர் சொன்னது சரிதான். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டியதை அவர்தான் சொல்லியிருக்கிறார்.

உங்கள் பையில் 50 எம்.எம். 1.8 ஒன்று கிடக்கும். அது இல்லாத கல்யாண ஃபோட்டோகிராஃபரை நான் இன்னும் பார்க்கவில்லை. அதில் ஈ.எஃப் என்று மட்டும் இருக்கும், எஸ் இருக்காது. அதை மாட்டி ஒரு படம் எடுங்கள். 6000 x 4000, முழு 24 மெகாபிக்சல் வரும். அந்த எண்ணைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி வரும்.

ஆல்பத்துக்கு இது எவ்வளவு முக்கியம்? 12 x 36 ஷீட்டில் ஒரே படத்தை இரண்டு பக்கமும் விரித்துப் போட்டால், 3744-ஐ 36-ஆல் வகுங்கள், அங்குலத்துக்கு 104 புள்ளிதான். முகம் மெழுகு பூசினது போல் இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும், 18 அங்குல அகலத்துக்குப் போட்டால் 208 புள்ளி, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எனவே பழைய லென்ஸ்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; விரிப்புப் படத்துக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள். காசு சேர்ந்ததும் பழைய ஈ.எஃப் 24-105 எஃப்4 ஒன்று செகண்ட் ஹேண்டில் பாருங்கள். ஆனால் புரோக்கர் காட்டுகிற சாம்பிள் படத்தை நம்பி வாங்காதீர்கள். லென்ஸை நேரில் கையில் வாங்கி, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிசாக இழை ஓடினால் அது ஃபங்கஸ். "துடைச்சா போயிடும் சார்" என்பார்கள். போகாது.

அடுத்தது ரா. 700டி தந்த ரா ஃபைல் சி.ஆர்.2. புது கேமரா தருவது சி.ஆர்.3. பெயரில் ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் உள்ளே கட்டமைப்பே வேறு. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் லைட்ரூம் 6-க்குக் கடைசி அப்டேட் 2017 டிசம்பரில் வந்தது. அதோடு அதை மூடிவிட்டு எல்லாரையும் மாதச் சந்தாவுக்குத் தள்ளிவிட்டார்கள். சி.ஆர்.3 வந்ததே 2018-இல், உங்கள் கேமரா வந்தது 2022 நவம்பரில். செத்துப்போனவர் வீட்டு விலாசத்துக்குக் கடிதம் போட்டுவிட்டுப் பதில் வரவில்லை என்கிற கதைதான். இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற பொருளின் பெட்டியில், 'இந்தப் படங்கள் பழைய சாஃப்ட்வேரில் திறக்காது' என்று பெரிய எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைக்க என்ன செலவாகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வழி இலவசமாகவே இருக்கிறது. அடோபியின் தளத்திலேயே டி.என்.ஜி. கன்வெர்ட்டர் என்று ஒரு சின்ன மென்பொருள் உண்டு; ரா படத்தை அடோபியின் பொது ரா வடிவமான டி.என்.ஜி.யாக மாற்றித் தரும். இறக்கி நிறுவுங்கள். அதில் படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள், மாற்றியதைப் போட இன்னொரு ஃபோல்டரைக் காட்டுங்கள், பிரிஃபரன்ஸில் 'கேமரா ரா 7.1 மற்றும் அதற்குப் பிறகு' என்பதைத் தேர்ந்தெடுங்கள், கன்வெர்ட் அழுத்துங்கள். ஆயிரம் படத்துக்கு நேரம் பிடிக்கும். சாப்பிடப் போகும்போது ஓட விடுங்கள். வெளியே வருகிற டி.என்.ஜி. ஃபைல்களை உங்கள் லைட்ரூம் 6 சத்தமில்லாமல் திறக்கும். மூல சி.ஆர்.3-ஐ மட்டும் அழித்துவிடாதீர்கள். லைட்ரூம் 6-ஐ அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றிப் பார்ப்போம் என்றும் கை வைக்காதீர்கள். திரும்ப ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 7-ஆ? லைட்ரூம் 6 வைத்திருப்பவர்களில் நிறைய பேர் அதில்தான் இருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன். விண்டோஸ் 7-இல் புது டி.என்.ஜி. கன்வெர்ட்டர் நிறுவவே முடியாது, விண்டோஸ் 10 வேண்டும். சரி, பழைய கன்வெர்ட்டரைத் தேடிப் போடுவோம் என்று நினைப்பீர்கள். அது நிறுவிக்கொள்ளும், ஆனால் உங்கள் கேமராவை அதற்குத் தெரியாது, ஏனென்றால் அது வந்த காலத்தில் இந்தக் கேமரா பிறக்கவில்லை. இந்தச் சுழலில்தான் பலர் ஒரு வாரத்தைத் தொலைக்கிறார்கள். புதுசு ஏறாது; பழசு ஏறும், ஆனால் அதற்குக் கேமரா தெரியாது. இதற்காக உடனே புதுக் கம்ப்யூட்டர் வாங்க ஓட வேண்டாம். வீட்டில் பிள்ளையின் காலேஜ் லேப்டாப் இருக்கும், அதில் விண்டோஸ் 10-ஓ 11-ஓ இருக்கும். கன்வெர்ட்டரை அதில் போடுங்கள். கார்டை அதில் செருகி, டி.என்.ஜி.யாக மாற்றி, ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வந்து ஸ்டுடியோ மெஷினில் வேலை செய்யுங்கள். டி.என்.ஜி.க்கு எந்தக் கம்ப்யூட்டரில் பிறந்தோம் என்ற கவலை இல்லை. மாற்றுவது ஒரு இடம், வேலை ஒரு இடம், அவ்வளவுதான்.

சி.ஆர்.3 என்பதை சி.ஆர்.2 என்று பெயர் மாற்றினால் திறக்கும் என்று வீடியோ போடுகிறவர்களை விட்டுத் தள்ளுங்கள். திறக்காது. கேனானின் சொந்த மென்பொருளான டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனலும் இலவசம்தான். கேமராத் திரையில் பார்த்த அதே நிறம் வரும். வேகம் மட்டும் மாட்டு வண்டி.

இனி அந்த 4,500 ரூபாய்க்காரர். அவர் கொண்டுவரப் போவது கிராக் செய்த சாஃப்ட்வேர். பென் டிரைவைச் செருகியதும் முதலில் என்ன செய்வார் தெரியுமா? "ஆன்டி வைரஸை ஆஃப் பண்ணிக்கலாம் சார், இது தப்பா காட்டும்" என்பார். அந்த இடத்தில் எழுந்து நின்று பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கிராக் ஃபைல்களோடு ஒட்டிக்கொண்டு வரும் ரான்சம்வேர் ஒரு வகை உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கும். எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோவில் இப்படிப் பூட்டப்பட்டது ஆல்பம் இன்னும் கொடுக்காத ஏழு கல்யாணம். பேக்கப் டிஸ்க்கும் அதே மெஷினில் செருகியே இருந்தது, அதுவும் போயிற்று. அவர் ஒவ்வொரு வீடாகப் போய் நின்ற கோலத்தை நான் மறக்கவில்லை. ஏற்றிக் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை.

இதே ஆட்கள் கேமராவுக்கு ஃபர்ம்வேர் (கேமராவை இயக்கும் உள் மென்பொருள்) போடவும் ஐநூறு, ஆயிரம் கேட்கிறார்கள். ஃபர்ம்வேர் கேனானின் தளத்தில் இலவசம். ஃபைலை இறக்கி, கேமராவிலேயே ஃபார்மட் செய்த கார்டில், எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வைத்து, பேட்டரி முழு சார்ஜில் மெனுவிலிருந்து ஓட்ட வேண்டும். நடுவில் அணைக்கக் கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு இந்த வாரம் அதைத் தொடாதீர்கள்.

வீடியோ விக்குவது. யாரோ உங்களிடம் "சினிமா கலர் வரும்" என்று சி-லாக் என்ற வீடியோ கலர் அமைப்பை ஆன் செய்யச் சொல்லியிருப்பார்கள், சரியா? அதை ஆன் செய்ததும் கேமரா ஹெச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில், 4:2:2 10-பிட் என்ற கூடுதல் நிற விவரத்தோடு பதிவு செய்யும். ஃபைல் சின்னது, பிரிப்பதற்குக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். சி-லாக்கை ஆஃப் செய்யுங்கள், ஹெச்.டி.ஆர். பி.க்யூ. ஆன் ஆகியிருந்தால் அதையும். வழக்கமான ஹெச்.264-க்குத் திரும்பிவிடும். கல்யாண வீடியோவுக்கு அது தாராளம். ஹெச்.டி.ஆர். பி.க்யூ. ஆனில் இருந்தால் ஸ்டில்லும் ஜேபெக்குக்குப் பதில் ஹிஃப் என்ற ஃபைலாக வரும், லேப்காரர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாமல் உங்களுக்கு போன் செய்வார்.

ஏற்கெனவே எடுத்த விக்குகிற வீடியோவுக்கு எடிட்டிங் சாஃப்ட்வேரில் பிராக்ஸி, அதாவது எளிதில் ஓடும் சின்ன நகல், உருவாக்கி வேலை செய்யுங்கள். "கிராஃபிக்ஸ் கார்டு போட்டா சரியாயிடும்" என்று கடையில் சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: "4:2:2 10-பிட் ஹெச்.265-ஐ இந்தக் கார்டு டீகோட் செய்யுமா?" என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 40 வரிசை வரை செய்யாது, 50 வரிசையில்தான் அது வந்தது. அதேசமயம் இன்டெல்லின் 11-ஆம் தலைமுறைப் பிராசசரில் உள்ளேயே இருக்கும் சாதாரண கிராஃபிக்ஸ் அதைச் செய்துவிடும் (பெயரின் கடைசியில் எஃப் என்று முடியும் பிராசசரில் அந்த உள் கிராஃபிக்ஸ் கிடையாது). நாற்பதாயிரம் கொடுத்துக் கார்டு போட்டுவிட்டு, அதே விக்கலோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

மெமரி கார்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கார்டு மேல் 200, 300 என்று கொட்டை எழுத்தில் இருப்பது படிக்கும் வேகம், எழுதும் வேகம் அல்ல. உங்களுக்கு வேண்டியது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வி30, வி60, வி90. நொடிக்கு குறைந்தபட்சம் அத்தனை மெகாபைட் எழுதும் என்று பொருள். 4கே வீடியோவை நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்தால் 10-பிட் பதிவு நொடிக்கு 340 மெகாபிட். எட்டால் வகுத்தால் 42 மெகாபைட் சொச்சம். வி30 நடுவில் நின்றுவிடலாம், வி60 போதும். முக்கியமான எண்ணைப் பொடி எழுத்திலும், தேவையில்லாததைப் பெரிதாகவும் அச்சடிப்பது என்ன நியாயமோ. போலிக் கார்டு இன்னும் மோசம். வருஷங்களுக்கு முன் நானே 128 ஜி.பி. என்று வாங்கிய ஒன்றில் உண்மையில் 8 ஜி.பி.தான் இருந்தது. அது தாண்டியதும் கேமரா எதுவும் சொல்லாமல் எழுதுவது போல் பாவனை செய்துகொண்டே இருந்தது. மாலை மாற்றுவது வரை இருந்தது, தாலி கட்டு இல்லை. அன்று முதல் எந்தக் கார்டு வாங்கினாலும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் ஒரு முறை முழுக்க நிரப்பிச் சோதிக்காமல் மண்டபத்துக்கு எடுத்துப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். இரண்டு கார்டு போடும் வசதி இருக்கிறது. ஒன்றில் ரா, இன்னொன்றில் ஜேபெக் என்று வையுங்கள். ரா திறக்காவிட்டாலும் திங்கட்கிழமை டிசைனருக்குக் கொடுக்க ஜேபெக் இருக்கும். ஷட்டரை மெக்கானிக்கலில் வையுங்கள். இந்த மாடலில் எலெக்ட்ரானிக் ஷட்டரில் ஃபிளாஷ் அடிக்காது, மண்டபத்து எல்.இ.டி. விளக்கில் படத்தில் கோடு கோடாக விழவும் வாய்ப்புண்டு. மேனுவலில் ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது வியூஃபைண்டர் கன்னங்கரேலென்று தெரிந்தால் பதற வேண்டாம். ஃபிளாஷ் வரப்போவது அதற்குத் தெரியாது, அறை வெளிச்சத்தை மட்டும் காட்டுகிறது. மெனுவில் டிஸ்ப்ளே சிமுலேஷனை டிஸேபிள் செய்தால் வெளிச்சமாகிவிடும். தாலி கட்டும் நேரத்துக்கு 50 எம்.எம். பழைய பேட்டரி இதில் பொருந்தாது, கூடுதலாக ஒன்று வாங்கிவிடுங்கள், பில்லோடு. 700டி-யையும் சார்ஜ் போட்டுப் பையில் வையுங்கள்.