காற்று பலமாக அடிக்கும் கடற்கரையில் இலையுதிர் காலத்தில் பறவை பார்க்கப் போனால் ஏதாவது கிடைக்குமா? காற்று ஓய்ந்த நாளாகப் பார்த்துப் போவது நல்லதா?

முதல் கேள்விக்குப் பதில், கிடைக்கும். இரண்டாவதற்கு, வேண்டாம். காற்று ஓய்ந்த நாளுக்காகக் காத்திருந்தால் நல்ல வெயிலும் அழகான கடலும் கிடைக்கும், பறவைதான் கிடைக்காது. பைனாகுலர் பிடிக்க ஆரம்பிக்கும் பலருக்கும் இது தலைகீழாகத் தோன்றும், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

காற்று அடங்கி, வானம் துடைத்துவைத்தது போல இருக்கும் நாளில் வலசைப் பறவைகள் பறக்காமல் இருப்பதில்லை. அன்றைக்குத்தான் நிறையவே பறக்கும். தெளிந்த வானமும் லேசான பின்காற்றும் அமைந்தால், சிறு குருவிகள் பொழுது சாய்ந்த பிறகு கிளம்பி, இரவோடு இரவாகப் பல நூறு மீட்டர் உயரத்தில் கரையைத் தாண்டிப் போய்விடும். கீழே இறங்க அவற்றுக்கு ஒரு காரணமும் இல்லை. விடிந்ததும் நீங்கள் போய்ப் பார்க்கும் புதர்கள் வெறுமையாகக் கிடக்கும். எதிர்காற்றோ, வழியில் பிடித்துக்கொண்ட மழையோ, பக்கத்திலிருந்து தள்ளும் காற்றோ இருந்தால்தான் அவை தரைக்கு வரும், அல்லது கரையை ஒட்டித் தாழப் பறக்கும். ஆக, கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது காற்றின் வேகத்தைவிட அதன் திசையை. எந்தத் திசை நல்லது என்பது கரைக்குக் கரை மாறும்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள கேப் மே முனையை எடுத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் ஒரு குளிர்காற்று முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்து போனதும் அங்கே காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும். தெற்கே போய்க்கொண்டிருக்கும் பருந்துகளும் வல்லூறுகளும் அந்தக் காற்றில் கிழக்கே, அட்லாண்டிக் பக்கம் தள்ளப்படும். கடலுக்கு மேல் இழுத்துச் செல்லப்படாமல் இருக்கக் கரையைப் பிடித்துக்கொண்டே தெற்கே வரும். கரை முடிகிற முனையில் எல்லாம் ஒன்றுகூடிவிடும். 1976 முதல் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அங்கே உட்கார்ந்து இரைகொல்லிப் பறவைகளை எண்ணி வருகிறார்கள். அங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரவில் கடலோரம் வரை தள்ளப்பட்டுவிட்ட சிறு குருவிகள் விடியற்காலையில் வடக்கு நோக்கிப் பறந்துகொண்டிருக்கும். தெற்கே போக வேண்டியது ஏன் வடக்கே போகிறது என்று முதல் தடவை பார்ப்பவர் குழம்பிப் போவார். ராத்திரி காற்று தள்ளிய தள்ளலை அவை காலையில் சரிசெய்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

சுவீடனின் தென்மேற்கு மூலையில் ஃபால்ஸ்டர்போ என்றொரு தீபகற்பம். அங்கே கதை வேறு. தென்மேற்கிலிருந்து, அதாவது பறவைகளின் முகத்துக்கு நேராகக் காற்று அடிக்கும் நாள்தான் அங்கே விசேஷம். தரைக்குப் பக்கத்தில் காற்றின் வேகம் குறைவு என்பதால் எதிர்காற்றில் பறவைகள் தாழப் பறக்கும். அதே பறவைகள் பின்காற்றில் போனால் கண்ணுக்கே எட்டாது.

ஐரோப்பாவின் வட கடலில் இருக்கும் ஹெல்கோலாந்து தீவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹைன்ரிஷ் கெட்கே என்ற ஓவியர் 1837ல் அங்கே போனார். அப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் பறவைகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். சைபீரியக் காடுகளைச் சேர்ந்த குருவிகள்கூட இலையுதிர் காலத்தில் அந்தச் சின்னத் தீவில் இறங்குவதை அவர் பதிவு செய்தபோது, வெளியே நிறையப் பேர் நம்பத் தயங்கினார்கள். இன்று வட கடலின் கரையோரங்களில் காற்று கிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்கினாலே பறவை பார்ப்பவர்கள் லீவு கேட்கிறார்கள்.

சரி, இப்படித் தள்ளப்பட்டு வந்து இறங்கிய சிறு குருவிகளை எங்கே தேடுவது? காற்று மறைவில். மணல்மேட்டின் பின்பக்கம், புதரின் காற்று படாத பக்கம், அதிலும் காலை வெயில் விழும் இடம். பூச்சிகளும் அங்கேதான் ஒதுங்கும், குருவிகளும் அவற்றைத் தேடி அங்கேதான் வரும். அலைந்து திரிவதைவிட அப்படியொரு புதரின் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நிற்பது பலன் தரும். இலை ஆடும்போது ஆடாமல் இருப்பதும், இலை நிற்கும்போது அசைவதும்தான் பறவை. கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும்.

கடற்பறவைகள் விஷயத்தில் காற்றின் பங்கு இன்னும் பெரிது. என்னைக் கேட்டால் காற்றடிக்கும் கரைக்குப் போவதே இதற்காகத்தான்.

ஷியர்வாட்டர்கள், பெட்ரல்கள், ஸ்குவாக்கள் எல்லாம் ஆழ்கடலில் வாழ்பவை. கூடு கட்டும் காலம் தவிர இவற்றுக்குக் கரையோடு பெரிய வேலை இல்லை. கடலிலிருந்து கரை நோக்கிப் பலமான காற்று சில மணி நேரமாவது விடாமல் அடித்தால்தான் இவை கரைக்குத் தெரியும் தூரத்துக்குத் தள்ளப்படும். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் லிவர்பூல் விரிகுடாப் பக்கம், செப்டம்பர், அக்டோபரில் வடமேற்குப் புயற்காற்று அடித்து ஓயும் நேரம் இதற்குப் பேர்போனது. உள்ளங்கை அளவே உடம்புள்ள லீச் பெட்ரல்கள், அலைகளுக்கு நடுவே வௌவால் மாதிரி மடங்கி மடங்கிப் பறந்து வருவதை அங்கே கரையில் நின்றே பார்க்கலாம். மற்ற நாட்களில் கடலுக்குள் வெகுதூரம் போக வேண்டும்.

காற்று இல்லாவிட்டால் ஷியர்வாட்டர் பறக்கவே சோம்பல்படும், தண்ணீரில் உட்கார்ந்திருக்கும். காரணம் அது பறக்கும் முறை. அலைகளை உரசிப் போவதால் கடல் மட்டத்தில் காற்றின் வேகம் குறைந்திருக்கும். சில மீட்டர் மேலே போனால் வேகம் கூடும். பறவை காற்றை எதிர்த்து மேலே ஏறும், உச்சியில் திரும்பிக் காற்றோடு சரிந்து கீழே வரும், மறுபடி ஏறும். இரண்டு அடுக்குக் காற்றின் வேக வித்தியாசத்திலிருந்து அது தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கிறது. இறக்கையை அடிக்க வேண்டிய தேவை குறைவு. நியூசிலாந்தில் கூடு கட்டும் கருமை நிற ஷியர்வாட்டர்கள் பசிபிக் கடலைச் சுற்றி ஆண்டுக்குச் சுமார் 64,000 கிலோமீட்டர் போய்வருவது இந்த உபாயத்தால்தான்.

அடையாளம் காண்பதற்கும் இதுவே உதவும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகும் பறவையின் அலகு நிறத்தையோ கால் நிறத்தையோ தேடாதீர்கள். அது எப்படிப் பறக்கிறது என்று பாருங்கள். விறைப்பான இறக்கையோடு சாய்ந்து சாய்ந்து, ஒருமுறை வெள்ளையும் ஒருமுறை கறுப்புமாகத் தெரிந்தால் பெரும்பாலும் ஷியர்வாட்டர். இறக்கையை மடக்கிச் சோம்பலாக அடித்தால் கடற்காகம். ஆலா என்ற சிறிய கடற்பறவையை விரட்டிக்கொண்டு போய், அது வாயில் வைத்திருக்கும் மீனைக் கக்கும் வரை விடாமல் துரத்தினால் ஸ்குவா. வடக்கு அட்லாண்டிக் கரையாக இருந்தால் முதலில் கேனட்டைப் பழகிக்கொள்ளுங்கள். வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை நுனி, இறக்கை விரிப்பு சுமார் 1.8 மீட்டர். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் மற்றவற்றின் அளவு பிடிபடும். ஒன்று மட்டும் கவனம்: கடும் காற்றில் எல்லாப் பறவையும் கொஞ்சம் ஷியர்வாட்டர் மாதிரிதான் பறக்கும். சந்தேகம் இருந்தால் பெயர் எழுதாமல் விடுவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. தூரத்துப் புள்ளிக்கெல்லாம் பெயர் வைக்கும் ஆட்கள் ஒவ்வொரு முனையிலும் ஒருவராவது இருப்பார்கள்.

உட்காரும் இடமும் முக்கியம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை, முதுகுக்குப் பின்னால் சூரியன், முதுகையோ பக்கத்தையோ மறைக்க ஒரு பாறை அல்லது சுவர். ஸ்கோப் என்கிற ஒற்றைக்குழல் தொலைநோக்கியைத் தாங்கும் ட்ரைபாடை முழுதாக உயர்த்தி நின்று பார்க்காதீர்கள், ஆடிக்கொண்டே இருக்கும். தாழ்த்தி வைத்து, தரையில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்கோப்பில் பெரிதாக்கும் அளவை இருபது முப்பதுக்கு மேல் ஏற்றினால் பார்வை அகலம் குறுகி, பறவை வந்து போனதே தெரியாது. பைனாகுலரும் அப்படித்தான், காற்றில் கை நடுங்கும்போது பத்து மடங்கைவிட எட்டு மடங்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் உப்புத் தூறல் படிந்தால் சட்டை நுனியால் துடைத்துவிடாதீர்கள், உப்புத் துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரால் நனைத்துக் கழுவிவிட்டு அப்புறம் துடையுங்கள். உடுப்பைப் பற்றி ஒரே வரி: எவ்வளவு போதும் என்று நினைக்கிறீர்களோ அதற்கு மேல் ஒன்று.

அடுத்து கரைப்பறவைகள். உள்ளான்கள், உப்புக்கொத்திகள், மூக்கன்கள் என்று சேற்றிலும் மணலிலும் மேய்பவை. இவற்றுக்கு இலையுதிர் காலம் ஜூலையிலேயே தொடங்கிவிடுகிறது. ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்து முடித்த பெரியவை முதலில் கிளம்பும், அந்த ஆண்டுக் குஞ்சுகள் சில வாரம் கழித்து வரும். ஆகஸ்டு, செப்டம்பரில் ஒரே கூட்டத்தில் இரண்டையும் பார்க்கலாம். பெரியவற்றின் சிறகுகள் தேய்ந்து, பாதி உதிர்ந்து, அழுக்காகத் தெரியும். இளசுகள் புத்தம்புதிய சிறகோடு இருக்கும். ஒவ்வொரு சிறகுக்கும் வெளிறிய ஓரம் இருப்பதால் முதுகு செதில் செதிலாகத் தெரியும். இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகு, வேறு வேறு இனம் என்று நினைத்த பலவும் ஒரே இனத்தின் இரண்டு வயது என்பது தெரியவரும்.

பல இனங்களில் இந்த இளசுகளுக்கு வழிகாட்டப் பெற்றோர் கூட வருவதில்லை. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து கிளம்பி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டரை 11 நாளில் கடந்தது. உடம்பில் ஒட்டியிருந்த கருவி வழியாக இது தெரியவந்தது. கிளம்புவதற்கு முன் இந்த இனத்துப் பறவையின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகிவிடும், குடலும் இரைப்பையும் சுருங்கிவிடும். இங்கேயும் காற்றுதான் நாள் குறிக்கிறது. அலாஸ்காவை ஒட்டி ஒரு புயல் கடக்கும்போது, அதன் பின்பக்கத்தில் தெற்கு நோக்கி அடிக்கும் காற்றைப் பிடித்துக்கொண்டு இவை கிளம்புகின்றன.

கரைப்பறவைகளைப் பார்க்கக் கடல் ஏற்ற நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வற்றத்தில் அவை கிலோமீட்டர் கணக்கில் பரந்து கிடக்கும் சேற்றில் எங்கோ புள்ளியாக இருக்கும். ஏற்றம் உச்சம் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிட்டால், தண்ணீரே அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் ஓட்டிக்கொண்டு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரிதாக இருக்கும். கரை நோக்கி அடிக்கும் காற்று அதை இன்னும் உயர்த்தும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். எனவே புயல் நாளில் அட்டவணையில் போட்டிருக்கும் அளவை நம்பி மணல்திட்டில் போய் நிற்காதீர்கள், திரும்பும் வழி தண்ணீருக்குள் போயிருக்கும்.

ஓய்வெடுக்கும் கூட்டம் எப்போதும் காற்றைப் பார்த்தபடி நிற்கும். இறகு கலையாமல் இருக்கும், சட்டென்று எழும்பவும் வசதி. எனவே காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் முகம் முகமாகத் தெரியும், எதிரே இருந்து அடித்தால் வெறும் வாலைத்தான் பார்ப்பீர்கள். பக்கவாட்டில் உட்காருவது நல்லது, அலகு நீளம், கால் நீளம் எல்லாம் தெரியும். தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் நீங்கள் போதுமான அளவு நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், அங்கேயே நின்றுவிடுங்கள். படத்துக்காக இன்னும் பத்தடி எடுத்து வைத்துக் கூட்டத்தைக் கிளப்பிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். அந்த ஒவ்வொரு எழும்பலும் அவை வழிக்குச் சேர்த்துவைத்த கொழுப்பிலிருந்துதான் போகிறது. திடீரென்று மொத்தக் கூட்டமும் எழும்பிச் சுழன்றால் மட்டும் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாமல் மேலே பாருங்கள், பொரி வல்லூறு வந்திருக்கலாம்.

முதல் நாள் இரவு நான் செய்வது இவ்வளவுதான்: காற்றின் வரைபடத்தைத் திறந்து, நான் நிற்கப்போகும் கரைக்கு மட்டும் பார்க்காமல் பறவைகள் வரும் வடக்குப் பக்கம் முழுக்கப் பார்ப்பேன். வடக்கே வானம் தெளிந்து பின்காற்றும், என் கரையில் விடியலுக்கு முன் மழையோ எதிர்காற்றோ என்று இருந்தால் புதர்ப் பக்கம். கடலிலிருந்து காற்று இரவெல்லாம் அடித்திருந்தால் முனைக்கு. இரண்டும் இல்லை என்றால் ஏற்ற நேரம் பார்த்துச் சேற்றுப் பக்கம். புயல் உச்சத்தில் இருக்கும்போது போய்ப் பயனில்லை, ஒன்றும் தெரியாது. அது தணிந்து, மழை விட்டு, காற்று இன்னும் மீதமிருக்கும் அந்தச் சில மணி நேரத்தைக் குறிவையுங்கள்.

புயலுக்கு மறுநாள் கரையில் கடற்பறவைகள் ஒதுங்கிக் கிடப்பதும் உண்டு. உயிரோடு இருந்தால் தள்ளியே நில்லுங்கள், பலவும் இளைப்பாறிவிட்டுத் தானாகவே போய்விடும். இறந்து கிடந்தால் கையால் தொடாதீர்கள், சில ஆண்டுகளாகப் பறவைக் காய்ச்சல் கடற்பறவைகளிடையே பரவி வருகிறது. காலில் ஆராய்ச்சியாளர்கள் போட்ட வளையம் இருந்தால் எண் தெரியும்படி படம் எடுத்து, அதில் பொறித்திருக்கும் அமைப்புக்கு இடமும் தேதியும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். அந்தப் பறவை எங்கே, எந்த ஆண்டு வளையம் போடப்பட்டது என்ற விவரம் பெரும்பாலும் பதிலாக வரும்.