அமெரிக்க நீராவி எஞ்சின்கள்: கேட்டதும் சொன்னதும்

கே: 2-8-2, 4-6-2 என்று எழுதுகிறார்களே, என்ன கணக்கு?

ப: சக்கரக் கணக்குதான். முன்னால் வழிகாட்டும் சக்கரங்கள், நடுவில் இழுக்கும் பெரிய சக்கரங்கள், கடைசியில் பாரம் தாங்கும் சின்னச் சக்கரங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து எண்ண வேண்டும்.

கே: அந்தச் சின்னச் சக்கரம் எதற்கு?

ப: நெருப்புப் பெட்டிக்காக. பெரிய சக்கரங்களுக்கு நடுவே அது இடுங்கித்தான் இருக்க முடியும். பின்னால் தள்ளி வைத்தால் வேண்டிய அளவு அகலப்படுத்தலாம். 1897-இல் பால்ட்வின் ஆலை ஜப்பானுக்குக் கட்டிய 2-8-2 எஞ்சின்கள் மட்டமான கரியையும் எரிக்க வேண்டியிருந்தது; அதனால் இந்த அமைப்பு. ஜப்பான் பேரரசரைக் குறிக்கும் 'மிகாடோ' என்ற பெயர் 2-8-2 வகைக்கு அப்படி வந்ததுதான்.

கே: சூப்பர்ஹீட்டர் வந்ததும் என்ன மாறியது?

ப: பாய்லரிலிருந்து வரும் ஆவி ஈரமானது. சக்கரத்தை ஓட்டும் சிலிண்டரின் சுவரில் பட்டதும் கொஞ்சம் தண்ணீராகிவிடும், அந்தச் சக்தி வீண். சூப்பர்ஹீட்டர் என்பது ஜெர்மானியர் வில்ஹெல்ம் ஷ்மிட்டின் முறை; அதில் ஆவியை மறுபடி சூடான குழாய்களுக்குள் ஓடவிடுவார்கள். 1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் பரவியது. கரியும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த மாற்றம் இதுதான் என்பேன்.

கே: 'குப் குப்' சத்தம் எங்கிருந்து வருகிறது?

ப: வேலை முடித்த ஆவி புகைபோக்கி வழியே பாய்ந்து வெளியேறும் சத்தம். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நாலு 'குப்'. ஒவ்வொன்றும் புகையை இழுத்துக்கொண்டு போகும், அடியில் நெருப்புக்குள் புதுக் காற்று நுழையும். வேகமாக ஓட ஓட நெருப்பும் தானே கொழுந்துவிடும். எனக்கு இன்றும் வியப்புத் தரும் ஏற்பாடு.

கே: அப்படியானால் ஈரி ரயில்வேயின் ட்ரிப்ளெக்ஸ் எஞ்சின் ஏன் தோற்றது?

ப: அங்கேதான் இந்த மூச்சு கெட்டது. மலையேறும் சரக்கு ரயில்களைப் பின்னாலிருந்து தள்ள 1914-இல் பால்ட்வின் கட்டியது, 2-8-8-8-2. கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்பகுதியான டெண்டருக்கு அடியிலும் எட்டு இழுவைச் சக்கரங்கள். ஆறு பெரிய சிலிண்டர்களுக்குத் தீனி போட ஒரே பாய்லர். போதாததற்கு, பாதி ஆவி டெண்டரின் பின்பக்கக் குழாயில் வெளியேறியது. புகைபோக்கிக்கு மீதிப் பாதிதான், நெருப்புக்குக் காற்று எப்படிப் போதும்? கரியும் தண்ணீரும் குறையக் குறைய டெண்டரின் எடையும் குறையும். பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் போய்விடும். 1916-இல் வர்ஜீனியன் ரயில்வேயும் ஒன்றை வாங்கியது. சரிப்படவில்லை, 1920-இல் அதைப் பிரித்து இரண்டு எஞ்சின்களாக்கிவிட்டார்கள்.