முதல் 10 கிலோமீட்டரில் மருமகனைப் போக விடுங்கள்

கேள்வி: ஹட்டனுக்கு அருகில் ஆசிரியராக இருக்கிறேன். வயது 53. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒலிம்பிக் தூர ட்ரையத்லன் ஒன்றை நல்லபடியாக முடித்தேன். இந்த வருடம் மறுபடியும் இறங்கினேன். நீச்சலும் சைக்கிளும் நன்றாகவே போயின. ஓட்டத்தில் 4ஆவது கிலோமீட்டரில் கால்கள் கட்டிக்கொண்டன, மீதியை நடந்தேன். பயிற்சியில் குறை வைக்கவில்லை. 28 வயது அக்கா மகனோடுதான் ஓடுகிறேன், சைக்கிள் மிதிக்கிறேன். என் வயதுக்கு எந்த வேகம் சரி?

பதில்: உங்கள் ஓட்டம் 4ஆவது கிலோமீட்டரில் கெடவில்லை. சைக்கிளின் முதல் அரை மணி நேரத்திலேயே கெட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம் என்று வரிசையாக வரும்போது, சைக்கிளில் செய்த தவறு ஓட்டத்தில்தான் வெளியே தெரியும்.

வயது எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. அதிகபட்ச இதயத்துடிப்பு குறைகிறது, வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் மெலிகின்றன, கடும் முயற்சிக்குப் பிறகு தேற அதிக நேரம் பிடிக்கிறது. ஆனால் பயிற்சியை விடாதவர்களிடம், ஒரே சீராக நெடுநேரம் போகும் திறன் பெரும்பாலும் குறையாமல் இருக்கிறது. மூன்றில் சைக்கிள்தான் வயதால் குறைவாகப் பாதிக்கப்படுவது. அதனால்தான் அங்கே உடம்பு "இன்னும் முடியும்" என்று சொல்லி உங்களை ஏமாற்றுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் அதிகபட்ச இதயத்துடிப்பு ஏறத்தாழ வரும். 41 வயதில் உங்களுக்கு அது 179, இப்போது 171. அன்று நிமிடத்துக்கு 160 துடிப்பில் ஓடியிருந்தால் அது உச்சத்தில் 89 சதவீதம். அதே 160 இன்று 94 சதவீதம். ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்போ அதற்கு மேலோ முன்பின் இருக்கலாம். எப்படியிருந்தாலும் பழைய எண்களைக் கைக்கடிகாரத்திலிருந்து அழித்துவிடுங்கள். பிரஷருக்கு, இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகைக் குளிசை எடுப்பவர் என்றால் இந்தக் கணக்கே பொருந்தாது, மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

இப்போது மருமகனுடைய விஷயம். தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்திலும் அவர் எழுந்து நின்று மிதிப்பார், நீங்களும் விடாமல் பின்னால் போவீர்கள். அவருடைய கால் அடுத்த இறக்கத்துக்குள் தேறிவிடும். உங்களுக்கோ அந்த ஒரு நிமிட வேகம் உச்சத்துக்கு மிக அருகில் போய், தசையில் சேமித்த மாச்சத்தை மளமளவென்று எரித்துவிடுகிறது. இப்படிப் பத்து ஏற்றம் போதும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதா என்ன? சிவனொளிபாத மலையில் நல்லதண்ணிப் பக்கமாக ஏறுகிறவர்களைப் பாருங்கள். வயதான அம்மாக்கள் முதல் படியில் வைத்த அதே நடையில் உச்சிவரை போகிறார்கள். முதலில் ஓடிய பிள்ளைகள் பாதி வழித் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே ஏற்றத்தில் வேகத்தைப் பார்க்காதீர்கள், ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். இலகுவான கியர் போட்டு, உட்கார்ந்தபடியே மிதியுங்கள். கனமான கியரில் முக்கி மிதிப்பது ஐம்பதைக் கடந்த தொடைக்கு ஆகாது. இறக்கத்தில் குளிர்காற்றில் கால்கள் விறைக்காதபடி மெல்லச் சுழற்றிக்கொண்டே இருங்கள்.

போட்டியில் நீச்சலின் முதல் 200 மீட்டர் அமைதியாக. சைக்கிளில் முதல் 10 கி.மீ. "இது மிகவும் மெதுவல்லவா" என்று தோன்ற வேண்டும். 20 கி.மீ. வரை துடிப்பு 145ஐத் தாண்ட விடாதீர்கள். ஓட்டத்தின் முதல் 2 கி.மீ. இலக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 விநாடி மெதுவாக. பாதித் தூரத்துக்குப் பிறகு மீதம் இருந்தால் செலவழியுங்கள்.

மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு இறங்குவதில் இன்னொரு பொறி இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம். கீழே போனதும் மூச்சு தாராளமாகக் கிடைக்கும், கால்கள் பறக்கும். அந்த உற்சாகத்தைச் சூடு ஒரு மணி நேரத்தில் திருப்பி வாங்கிவிடும். வயது ஏற ஏற வியர்ப்பதும் தாகம் எடுப்பதும் மந்தமாகும். தாகத்துக்குக் காத்திராமல் கால் மணிக்கொரு தடவை சில மிடறு குடியுங்கள். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் தேவை. பாடசாலை நாளில் அவ்வளவு லீவு கிடைக்காது. கடைசி இரண்டு வாரம் நண்பகலில் தடித்த சட்டையோடு அரை மணி நேரம் இலேசாக ஓடினால் ஓரளவு ஈடாகும். அதற்கும் தண்ணீர் கையில் இருக்கட்டும், தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஜப்பானின் ஹிரோமு இனாடா 2018இல், உங்களுடையதைவிடப் பல மடங்கு நீண்ட ட்ரையத்லனான ஹவாய் அயன்மேன் போட்டியை 85 வயதில் முடித்தார். 17 மணி நேர வரம்பு, அவர் எடுத்தது 16 மணி 53 நிமிடம். அவர் முதல் ட்ரையத்லனில் இறங்கியதே 70 வயதில். உங்களுக்கு 53தான்.

கடும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளோடு நிறுத்துங்கள், இரண்டு நாள் தொடைக்குப் பளு தூக்குங்கள். அதற்கு முன் வைத்தியரிடம் காட்டி, ஓடவிட்டு எடுக்கும் ஈசிஜி ஒன்றைப் பார்த்துவிடுங்கள். நெஞ்சில் இறுக்கமோ வழக்கமில்லாத மூச்சுத்திணறலோ வந்தால் போட்டி நாளாக இருந்தாலும் நின்றுவிட வேண்டும்.

அப்புறம், வரும் ஞாயிறு நானுஓயா ஏற்றத்தில் மருமகனை முன்னால் அனுப்பிவிட்டு உங்கள் மூச்சில் ஏறுங்கள். வீடு திரும்பியதும் சைக்கிளை வைத்துவிட்டு உடனே 3 கி.மீ. ஓடிப் பாருங்கள். கால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். அதை வைத்து 145 என்ற அந்த எண்ணைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று சொல்கிறேன்.