கேளுங்க அண்ணே: ஒரு கம்பியும் ஒரு பாலமும்

கேள்வி: அண்ணே, அமெரிக்காவில் பால்டிமோர் பாலத்தைக் கப்பல் இடித்ததற்கு லூஸாக இருந்த ஒரு கம்பிதான் காரணம் என்கிறார்களே, நம்பலாமா?
– வாசகி, குளுவாங்

பதில்: நம்பலாம், தங்கச்சி. செம்பனை ஆலையில் 22 வருடம் வயர்மேனாக இருந்தவன் நான். எனக்கு இது ஆச்சரியமே இல்லை.

2024 மார்ச் 26, விடியாத நேரம். சுமார் 300 மீட்டர் நீளமுள்ள 'டாலி' என்ற சரக்குக் கப்பலில் மின்சாரம் போனது. கம்பியில் அடையாளத்துக்காக மாட்டியிருந்த குட்டி லேபிள், அதன் முனையை டெர்மினலுக்குள் (கம்பியைச் செருகி இணைக்கும் இடம்) முழுசாக நுழையவிடவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. வெளியே பார்த்தால் மாட்டியது போலவே இருக்கும்!

எங்கள் ஆலையிலும் ஒரு ராத்திரி கன்வேயர் நின்றுவிட்டது. மோட்டாரைக் கழற்றலாம் என்றார் மண்டோர், அதாவது எங்கள் மேற்பார்வையாளர். நான் ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது கம்பி கையோடு வந்துவிட்டது. மாட்டியவன் நான்தான், அதை மண்டோரிடம் சொல்லவில்லை.

சரி, கப்பலுக்கு வருவோம். மின்சாரம் திரும்பி வந்து மறுபடியும் போனது. அதற்குக் காரணம் வேறு: ஜெனரேட்டருக்கு எண்ணெய் கொடுத்த பம்ப், நின்றால் தானாக மறுபடி ஓடாத வகை. கப்பலிலிருந்து அபாய அழைப்பு வந்ததும் போலீசார் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கட்டுப்பாடு இழந்த கப்பல் மோதிப் பாலம் இடிந்து விழுந்தது; அதன் மேல் ரோட்டுக் குழி அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களில் 6 பேர் இறந்துபோனார்கள்.