வாசகர் கேள்வி: கையில் நிற்காத ஸ்டியரிங்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் 31 ஆண்டுகள் கார் குஷன் வேலை செய்தவன் நான். சீட் கவர், கூரைத் துணி, ஸ்டியரிங் கவர் எல்லாம் இந்தக் கைகளால் தைத்தவை. கோடை பிறந்ததும் ஸ்டியரிங் பற்றிய கடிதங்கள் கூடிவிடுகின்றன. இந்த இதழ் முழுவதும் அவற்றுக்கே.

கேள்வி: ஐயா, சென்ற தீபாவளிக்கு ஒரு சிறிய கார் வாங்கினோம். கடைக்காரர் கறுப்பு ரெக்ஸின் கவர் ஒன்றை இலவசமாக மாட்டிக்கொடுத்தார். மூன்று மாதம் நன்றாக இருந்தது. இப்போது மதியம் வண்டியை எடுத்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்குகிறது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும்போது ரவுண்டானாவில் கை நழுவிவிட்டது. கையில் முகப் பவுடர் போட்டுக்கொண்டு ஓட்டலாமா? கவரைப் பளபளப்பாக வைக்க வாரம் ஒருமுறை டாஷ்போர்டு பாலிஷ் போடுகிறேன். வேறு என்ன செய்யலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: அம்மா, பாலிஷை இன்றோடு நிறுத்துங்கள். பவுடரும் வேண்டாம். காரணம் சொல்கிறேன், அதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள்.

உங்கள் கை கவரின் மேல் வழுக்குகிறதா, கவர் ஸ்டியரிங்கின் மேல் வழுக்குகிறதா? இரண்டும் வெவ்வேறு நோய். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்புங்கள், அது பூட்டிக்கொள்ளும். இப்போது இரண்டு கைகளாலும் கவரை இறுகப் பிடித்து வலமும் இடமும் முறுக்குங்கள். கவர் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்தக் கவரோடு இனி ஒரு தெருகூட ஓட்டாதீர்கள். அப்போதே கழற்றிவிடுங்கள். நகர்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் ஸ்டியரிங்கின் கம்பி வளையத்தோடு சேரும் இடத்தில், கம்பியின் மேலும் கவரின் மேலும் நேர்க்கோடாகச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். வீட்டு வளாகத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் நாலு முறை முழுதாக ஒடித்து ஓட்டிப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் விடை தெரிந்துவிடும்.

இதில் நான் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1997ஆம் ஆண்டு நண்பர் ஒருவரின் வேனில் கொல்லிமலைக்குப் போனோம். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வேனில் மாட்டியிருந்தது, கடையில் தொங்கவிட்டு விற்கும் வளையக் கவர். பாதி மலை ஏறியபோது ஒரு வளைவில் நண்பர் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தார். அவர் கை திரும்பியது, கவரும் கையோடு திரும்பியது, உள்ளே இருந்த வளையம் மட்டும் நான்கு விரற்கடை பின்தங்கிவிட்டது. முன் சக்கரம் சாலையோரத் தடுப்புக் கல்லில் இடித்து நின்றது. பின் இருக்கையில் அவருடைய இரண்டு பெண் குழந்தைகள். அந்த இடத்திலேயே கத்தியால் கவரை அறுத்து எடுத்தோம். அன்றிலிருந்து என் பட்டறையில் கவர் கேட்டு யார் வந்தாலும் நான் முதலில் நாடாவைத்தான் கையில் எடுப்பேன்.

அளவுதான் இதில் உயிர். கடைகளில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் விற்பார்கள். நடுத்தரம் என்பது ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங்குக்கு. சிறிய கார்கள் பலவற்றில் அந்த விட்டம் 36, 37 என்று இருக்கும். ஒரு சென்டிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். விட்டத்தில் ஒன்று கூடினால் சுற்றளவில் மூன்றுக்கு மேல் கூடும். 37க்கு வாங்க வேண்டிய இடத்தில் 38க்கு வாங்கினால் மூன்று சென்டிமீட்டர் ரெக்ஸின் பிடிமானம் இல்லாமல் சும்மா இருக்கிறது என்று பொருள். வெயிலில் அது இன்னும் இளகும். ஸ்டியரிங்கின் வெளி ஓரத்திலிருந்து எதிர் வெளி ஓரம்வரை, நடுவழியாக, நாடாவை வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சரியான கவரை மாட்டக் கை வலிக்க வேண்டும். அரை மணி நேரம் வெயிலில் வைத்து இளக்கிய பிறகும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால்தான் ஏறும். ஒரே இழுப்பில் ஏறிவிட்டால் அது உங்கள் வண்டிக்கு உரியது அல்ல.

இனி, கவர் நகரவில்லை, கைதான் வழுக்குகிறது என்றால் விஷயம் எளிது. அங்கே இருப்பது அழுக்கு. கை வியர்வை, தலையைக் கோதிய விரலில் ஒட்டிய தேங்காய் எண்ணெய், வெயிலுக்குப் பூசும் கிரீம், சாலைத் தூசு எல்லாம் சேர்ந்து ரெக்ஸினின் வரிகளை நிரப்பிவிடுகின்றன. புதிய ரெக்ஸினில் கை நிற்பதே அந்தச் சொரசொரப்பான வரிகளால்தான். பாலிஷ் அதையும் மூடி அதன்மேல் ஒரு வழுவழுப்பான படலத்தை விரிக்கிறது. டாஷ்போர்டுக்கு என்று செய்த பாலிஷை ஸ்டியரிங், பிரேக் மிதி, கியர்த் தண்டு இவற்றின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

கழுவும் முறை இது. ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு சில சொட்டு விடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்துவிட்டுத் தேயுங்கள். ஹாரனுக்கும் பொத்தான்களுக்கும் நீர் இறங்கக் கூடாது. பழைய, மிருதுவான பல் துலக்கியால் தையல் ஓரங்களையும் வரிகளையும் துலக்குங்கள். பிறகு வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடையுங்கள், சோப்பு மிச்சமிருந்தால் அதுவே வழுக்கும். துணி கறுத்து வந்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குங்கள். பாலிஷ் ஏறிய கவருக்கு மூன்று, நான்கு முறைகூடத் தேவைப்படும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். நிழலில் காயவிட்டுப் பிடித்துப் பாருங்கள், புதிய கவரைப் பிடித்ததுபோல் இருக்கும். பெட்ரோல், தின்னர், உப்புத்தாள் மூன்றும் வேண்டவே வேண்டாம். மேல்தோல் உரிந்துவிடும்.

இப்படிக் கழுவியும் ஒரு வாரத்தில் மறுபடி பிசுபிசுத்தால் கவரை எறிந்துவிடுங்கள். ரெக்ஸின் மெத்தென்று இருப்பதற்காக அதில் ஓர் இளக்கும் எண்ணெயைக் கலந்திருப்பார்கள். மலிவான சரக்கில் வெயில் பட்டதும் அது மேலே கசிந்து வரும். உள்ளிருந்து வருவதை எத்தனை முறைதான் துடைப்பீர்கள்?

பவுடர் பற்றிக் கேட்டீர்கள். கேரம் பலகையில் பவுடர் தூவுவது காய் வழுக்கி ஓடத்தானே? கையில் போட்டாலும் அது அதே வேலையைத்தான் செய்யும். வியர்வையோடு சேர்ந்தால் இன்னும் மோசம்.

கேள்வி: நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். நாளுக்கு 12 மணி நேரம். எனக்கு உள்ளங்கை அதிகமாக வியர்க்கும். துண்டைச் சுற்றிப் பார்த்தேன், நனைந்து வழுக்குகிறது. பழைய லாரி ஓட்டுநர்கள்போல் ஒயர் பின்னிக்கொள்ளலாமா? அடிக்கடி செலவு செய்ய வசதியில்லை. (வாசகர், மதுரை)

பதில்: தம்பி, ஒயரை நீங்கள் நினைவுபடுத்தியது மகிழ்ச்சியாக இருக்கிறது. கூடை பின்னும் பிளாஸ்டிக் ஒயரை ஸ்டியரிங் முழுவதும் நெருக்கமாகப் பின்னிய லாரிகளை நாமக்கல், சங்ககிரிப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பின்னலின் மேடு பள்ளங்களில் விரல் பதியும், இடைவெளிகளில் காற்று போகும், வியர்வை தேங்காது. வளையத்தோடு இறுகப் பின்னிவிட்டால் இம்மியும் நகராது. நல்ல கை பின்னினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஒரே குறை, கடினமாக இருக்கும். 12 மணி நேரத்தில் உள்ளங்கை காய்த்துவிடும். காரின் வளையம் லாரியுடையதைவிடச் சிறியது, பொத்தான்களும் நெருக்கமாக இருக்கின்றன, பின்னுவதற்கு இடம் போதாது.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது, கையால் தைத்து இறுக்கும் தோல் கவர். கை படும் இரண்டு பக்கங்களிலும் சிறுசிறு துளைகள் இட்ட தோலாக இருக்கட்டும். சென்னை பெரியமேட்டுக் கடைகளில் துண்டுத் தோல் கிடைக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் உறவினர் இருந்தால் அங்கும் சொல்லி வைக்கலாம். மிருதுவான, மேலே பளபளப்புப் பூச்சு இல்லாத தோலாகக் கேளுங்கள். குஷன் கடையில் கொடுத்தால் வளையத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக வெட்டி, இழுத்து, மெழுகு ஏற்றிய நைலான் நூலால் உள்பக்கமாகத் தைத்துக்கொடுப்பார்கள். தையல் முடிய எனக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், தையல் இடைவெளி விட்டுப்போகும். முடித்ததும் நான் முதல் பதிலில் சொன்ன முறுக்குச் சோதனையைக் கடை வாசலிலேயே செய்து பாருங்கள்.

அதுவரைக்கும் விரல் நுனி வெட்டிய, உள்ளங்கையில் தோல் வைத்த கையுறை ஒரு ஜோடி போதும். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிக் காயவைத்துக்கொள்ளலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உள்ளங்கை நனைந்து சொட்டுகிறது என்றால் அதற்கு மருத்துவம் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். பலர் இதைச் சொல்லக் கூச்சப்பட்டே காலம் கடத்துகிறார்கள். நீங்கள் கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: கம்பெனியிலிருந்தே தோல் சுற்றி வந்த ஸ்டியரிங். நான்கு ஆண்டுகளில் பளபளவென்று ஆகி வழுக்குகிறது. இதன்மேல் ஒரு கவர் போட்டுவிடலாம் என்கிறான் என் மகன். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: போடாதீர்கள். தோலின் இயல்பு மங்கலான நிறம். பளபளக்கிறது என்றால் எண்ணெயும் அழுக்கும் ஏறியிருக்கிறது என்று கொள்ளுங்கள். மேலே சொன்னபடி கழுவுங்கள், ஆனால் நீரை இன்னும் குறையுங்கள். அழுக்கு போனதும் பழைய மங்கல் நிறம் திரும்பும், பிடிப்பும் திரும்பும். அதற்குப் பிறகு தோல் கிரீம் போட ஆசை வந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு பட்டாணி அளவு, தேய்த்த பத்து நிமிடத்தில் துடைத்தும் எடுத்துவிட வேண்டும்.

2020க்குப் பிறகு சானிடைசரால் கெட்டுப்போன தோல் ஸ்டியரிங்குகள் எத்தனையோ என் கைக்கு வந்தன. அதிலுள்ள ஆல்கஹால் தோலின் மேற்பூச்சை அரிக்கும், கைக்கு இதமாக இருக்கச் சேர்த்த கிளிசரின் பிசுக்காகத் தங்கும். சானிடைசர் போட்டால் கை நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடுங்கள்.

இன்னொன்று. புதிய கார்கள் சிலவற்றில் ஓட்டுநரின் கை ஸ்டியரிங்கில் இருக்கிறதா என்று உணரும் அமைப்பு வளையத்துக்குள்ளேயே இருக்கிறது. தடித்த கவர் போட்டால் அதற்குக் கையின் தொடுதல் தெரியாமல் போகலாம். வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் மகனிடம்.

கேள்வி: வழுக்காமலிருக்க கவருக்கு அடியில் பசை தடவலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் பசை இளகி, கவர் மெல்ல மெல்ல ஊர ஆரம்பிக்கும். கழற்றும்போது வளையத்தையும் கெடுத்துவிடும். சரியான அளவு கவருக்குப் பசை தேவையில்லை.

கேள்வி: எனக்குக் கை சிறியது. ஸ்டியரிங் ஏற்கெனவே தடிமன். பிடிப்புக்காகச் சிலிகான் கவர் வாங்கச் சொல்கிறார்கள். நடுவில் பூப்போட்ட மூடியும் சேர்த்துத் தருகிறார்களாம். (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அந்த நடு மூடியைத் தொடவே தொடாதீர்கள் அம்மா. அதன் அடியில்தான் காற்றுப்பை மடங்கியிருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்பனையாகும் புதிய கார்களில் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை கட்டாயம். மோதும் நொடியில் அது விரியும் வழியில் ஒரு மூடியை ஒட்டி வைத்தால் அந்த மூடி உங்கள் முகத்தை நோக்கித்தான் வரும். எந்தக் கவரும் வளையத்தோடு நின்றுவிட வேண்டும்.

சிலிகான் நன்றாகவே பிடிக்கும். சில சமயம் அளவுக்கு மீறிப் பிடிக்கும். வளைவில் திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேராகும்போது நம் உள்ளங்கைக்குள் அது நழுவி ஓட வேண்டும் அல்லவா? சிலிகானில் அது தயங்கித் தயங்கி வரும். கையும் சிறியது என்கிறீர்கள், விரல் சுற்றி வந்து கட்டை விரலைத் தொடவில்லை என்றால் எந்தக் கவரும் பிடிப்பைத் தராது, குறைக்கவே செய்யும். உங்களுக்குக் கவரே வேண்டாம். வாரம் ஒருமுறை ஸ்டியரிங்கைக் கழுவித் துடையுங்கள். கடிகார முள்ளில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களில் கையை வையுங்கள். வெயிலில் நிறுத்தும்போது ஸ்டியரிங்கின் மேல்பாதி கீழே போகும்படி அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு நிறுத்துங்கள். திரும்பி வந்து நேராக்கும்போது வெயில் பட்ட பாதி கீழே போய்விடும், நிழலில் இருந்த பாதி உங்கள் கைக்கு வரும்.