ரிமூவர் பட்டதும் செயற்கை நகம் பிசுபிசுக்கிறதா?

கடலூரில் பியூட்டீஷியன் கோர்ஸ் படிக்கிறீர்கள், பயிற்சிக்கான செயற்கை நகத்தை நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்ததும் மங்கி ஒட்டிக்கொள்கிறது என்று கேட்டிருந்தீர்கள், தோழி. உங்கள் கையில் கோளாறே இல்லை. காரணம், ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் என்ற கரைப்பான். இந்த நகங்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற வகை பிளாஸ்டிக். அசிட்டோன் அதையே கரைத்துவிடும். அசிட்டோன் இல்லாத ரிமூவரும் ஊறினால் மேற்பரப்பைக் கெடுக்கலாம், அதனால் பஞ்சில் கொஞ்சமாக எடுத்துச் சட்டென்று துடையுங்கள்.

அதைவிட நல்ல வழி, பாலிஷுக்கு முன்னால் பீல்-ஆஃப் பேஸ் கோட், அதாவது உரித்தெடுக்கக்கூடிய அடிப்பூச்சு, பூசுவது. காய்ந்த பாலிஷ் தோலாக உரிந்து வந்துவிடும், அதே நகத்தில் மறுபடியும் போடலாம். நன்றாக வந்ததை மட்டும் உரிக்காதீர்கள்! தேதி எழுதி எடுத்து வையுங்கள், வாடிக்கையாளருக்குக் காட்ட உதவும்.

ஐஸ்கிரீம் குச்சியில் டபுள் டேப் வைத்து நகத்தை ஒட்டினால் ஆடாது. பாலிஷை மெல்லிய பூச்சாக இரண்டு முறை போடுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே காயவைக்க வேண்டாம், குமிழி வரும்.

டிசைனுக்குப் புள்ளிக் கோலத்தில் தொடங்குங்கள். குண்டூசித் தலையால் ஒரே அளவில் புள்ளி வைக்கப் பழகினால் பூ, இலை எல்லாம் அப்புறம் தானாக வரும். கோடு இழுக்கும் பிரஷ்ஷை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.